அம்மாவுக்கு வால்வு ஆபரேஷன்: மூளை டாப்ளர் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. அடுத்த மாதம் இதய வால்வு மாற்றப் போகிறார்கள். இரண்டு வருடம் முன்பு மாமாவுக்குப் பைபாஸ் நடந்தது. இதயம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பால் கணக்கைக் கூட்ட முடியாமல் பென்சிலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இதய நுரையீரல் இயந்திரம் ஓடும்போதும், மகாதமனியில் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்) கிளாம்ப் போட்டு எடுக்கும்போதும் நுண்ணிய காற்றுக் குமிழிகள், கொழுப்புத் துணுக்குகள் மூளைக்குப் போகலாமாம். நெற்றிப்பொட்டில் 2 மெகாஹெர்ட்ஸ் டாப்ளர் (ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் கருவி) வைத்தால், துணுக்கு கடக்கும்போது ‘கீச்’ என்று சத்தமும் திரையில் பளிச்சென்று ஒரு கீற்றும் வரும். இந்த டாப்ளர் முறை 1982-லேயே வந்துவிட்டது. போவது காற்றுக் குமிழியா, கெட்டியான துணுக்கா என்று பிரிப்பதுதான் கஷ்டம். வயதான பெண்கள் சிலருக்குப் பொட்டெலும்பு வழியாக ஒலி உள்ளேயே போகாது என்பதும் கவலையாக இருக்கிறது.

மதுரை, சென்னையில் ஆபரேஷனின்போதே இப்படிக் கண்காணிக்கும் இடம் உண்டா? அப்புறம், மூளையில் புதிதாக ரத்தம் போகாத இடங்களைக் காட்டும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ ஸ்கேனை ஆபரேஷன் முடிந்து எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும்? இதயத் துடிப்பைச் சீராக வைக்கப் போடும் தற்காலிக பேஸிங் கம்பி இருக்கும்போது எடுக்கலாமா? பெர்ஃபியூஷன் (இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குவது), மயக்க மருந்துத் துறையில் இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம்.