மிருதங்கம் உள்ள ஜாஸ் குழு: ஒரே அறையில் பதிவதா, தனித்தனியாகப் பதிவதா?

வலந்தலை (பிரிக்பீல்ட்ஸ்):

வணக்கம். நாங்கள் நான்கு பேர். மிருதங்கம் நான், கூட டெனார் சாக்ஸ், டபுள் பாஸ், பியானோ. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் வாரம் தவறாமல் கூடுகிறோம். எழுதி வைத்த இசை ரொம்பக் குறைவு. ஒரு சின்ன மெட்டு, ஒரு தாளம், அதற்கு மேல் அவரவர் மனோதர்மம், அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது. ஆல்பம் போடலாம் என்று முடிவு செய்து பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஸ்டூடியோவும் பேசியாயிற்று. அங்கே உள்ள இஞ்சினியர், ஒவ்வொருவரும் தனியாக, ஹெட்போனில் தாளம் தட்டும் கிளிக் சத்தம் கேட்டு வாசித்தால்தான் சுத்தமாக வரும் என்கிறார். எங்கள் சாக்ஸ்காரர் முடியவே முடியாது என்கிறார். "அப்படியென்றால் நான் யாரைக் கேட்டு வாசிப்பது?" என்பது அவர் கேள்வி.

நானும் அவர் பக்கம்தான். நாலு பேரும் ஒரே அறையில், ஒரே டேக்கில், அதாவது ஒரே மூச்சில் பதிய வேண்டும். பதிந்த பிறகு யாரும் கை வைக்கக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒலிக்கூடம் (பெட்டாலிங் ஜெயா):

தம்பி, அந்த இஞ்சினியர் நான் இல்லை. ஆனால் நானும் அதே வேலையில்தான் பல வருடமாக இருக்கிறேன், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைப்போம், வலது பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடது பக்கமான தொப்பிக்கு ஒன்று. பக்கத்தில் ஒருவர் டெனார் சாக்ஸை முழு மூச்சில் ஊதினால் அந்த இரண்டு மைக்கிலும் சாக்ஸ்தான் நிரம்பி வழியும். மிக்ஸிங்கில் தொப்பியின் கும்கியை, அந்த அடித்தொண்டை நாதத்தைக் கொஞ்சம் தூக்கலாம் என்று கை வைத்தால் சாக்ஸும் கூடவே ஏறும். சாக்ஸ் ஓர் இடத்தில் பிசகினால் நாலு பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வாடகை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

"கை வைக்கக் கூடாது" என்பதை ஜாஸ் உலகமே ஒப்புக்கொள்ளவில்லை. ட்ரம்பெட் வாசித்த மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' ஆல்பம் 1969 ஆகஸ்டில் மூன்று நாளில் பதிவானது. இசைத்தட்டில் நாம் கேட்பது அந்த மூன்று நாள் வாசிப்பு அப்படியே அல்ல. தயாரிப்பாளர் டியோ மசேரோ டேப்பை வெட்டி, இடம் மாற்றி, சில துண்டுகளைத் திரும்பத் திரும்ப வைத்து ஒட்டிய வடிவம் அது. வெட்டியதால் அதன் மதிப்பு குறைந்துவிட்டதா?

ஜோர்ஜ்டவுன் ட்ரம்ஸ் (பினாங்கு):

ஒலிக்கூடம் தம்பி சொன்ன உதாரணம் அவர் வாதத்தையே கவிழ்க்கிறது. மசேரோ வெட்டியது டேப்பை. வாசித்தவர்கள் தனித்தனிக் கூண்டில் இருந்தார்களா? ஒரே அறையில் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மைல்ஸ் நடுவில் நின்று யார் உள்ளே வர வேண்டும், யார் நிறுத்த வேண்டும் என்று கைகாட்டி நடத்தினார். பிறகு வெட்டுவது ஒரு விஷயம், ஒருவரை ஒருவர் கேட்காமல் வாசிப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

அதே மைல்ஸ் 1956-ல் பிரெஸ்டீஜ் கம்பெனிக்காக மே 11, அக்டோபர் 26 ஆகிய இரண்டே நாளில் நான்கு ஆல்பத்துக்கான பாட்டுகளைப் பதிந்தார். இடம் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ, அதாவது நியூ ஜெர்சி ஹேக்கன்சாக்கில் அவருடைய பெற்றோர் வீட்டு வரவேற்பறை. இரண்டு நாளில் எப்படி முடிந்தது? முந்தின வருடத்திலிருந்தே மைல்ஸ் குழுவின் ஐந்து பேரும் கிளப் கிளப்பாகச் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டூடியோவுக்கு வந்து இன்னொரு ராத்திரி வாசித்ததுபோல வாசித்துவிட்டுப் போனார்கள்.

நான் பத்து ஃபெரிங்கி கடற்கரை ஹோட்டல்களில் ட்ரம்ஸ் வாசித்தவன். பினாங்கு ஜாஸ் கலைஞர் ஜிம்மி பாய்ல் காலத்து ஆட்களிடம் திட்டு வாங்கிக் கற்றது என் வாசிப்பு. எங்கள் பாஸ்காரர் ஒருவர், பிலிப்பினோ வம்சாவளி. அவர் இடது தோள் லேசாக இறங்கினால் அடுத்த சுற்றில் சத்தத்தைக் குறைக்கப் போகிறார் என்று அர்த்தம். அவர் வாய் திறந்து சொன்னது கிடையாது, எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ராத்திரிக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் பிடிபட்டது. நான் குச்சியை விட்டுப் பிரஷுக்கு மாறுவதும் அவர் குறைப்பதும் ஒரே கணத்தில் நடக்கும், பாடுகிற அம்மா அதற்காகவே காத்திருந்தவர்போல மெல்ல உள்ளே வருவார். ஹெட்போனில் கிளிக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து வாசிப்பவனுக்கு அந்தத் தோள் எங்கே தெரியும்?

செந்தூல் உருமி:

நான் ஜாஸ் வாசிப்பவன் இல்லை, உருமி மேளம் நடத்துகிறேன். நீங்கள் எல்லாரும் பதிவைப் பற்றியே பேசுகிறீர்கள். வலந்தலை தம்பிக்கு அதற்கு முன்னால் ஒரு கேள்வி. மாடியில் கூடுவது இருக்கட்டும், ஜனங்கள் முன்னால் வாசித்திருக்கிறீர்களா?

எங்கள் குழுவில் சேரும் பையனுக்கு முதல் வருடம் ஜால்ராதான். உருமி கையில் கிடைக்காது. காவடி எடுப்பவரின் காலைப் பார்த்துக்கொண்டே நடக்கணும். அவர் எப்போது ஆடுவார், எப்போது அசருவார், எந்த இடத்தில் மேளத்தை ஏற்றினால் பத்துமலைப் படி ஏறத் தெம்பு வரும் என்று கண்ணாலேயே பிடிக்கணும். இதை வீட்டு மாடியில் கற்க முடியாது. கேட்பவர் முன்னால் இருந்தால்தான் வாசிப்பவர்களுக்குள்ளே ஒட்டுதல் வரும். என்னைக் கேட்டால் ஆல்பத்தைத் தள்ளிப் போடுங்கள். ஒரு வருடம் வெளியே வாசியுங்கள்.

ஒலிக்கூடம்:

செந்தூல் அண்ணே, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் கோலாலம்பூரில் ஒரு வருடம் தள்ளிப் போட்டால் அந்தக் குழுவே இருக்காது. பாஸ்காரருக்கு ஹோட்டல் வேலை வரும், பியானோகாரர் வகுப்பு எடுக்கப் போவார், சாக்ஸ்காரர் கல்யாண விருந்துகளில் வாசித்துத்தான் வீட்டு வாடகை கட்டணும். இங்கே பல குழுக்கள் ஒரு பதிவுகூட இல்லாமல் கலைந்து போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாசித்தது காற்றோடு போயிற்று. தேதி குறித்தால்தான் ஆட்கள் ஒழுங்காக வருவார்கள்.

சேர்ந்து பழகியவர்கள்தான் நன்றாக வாசிப்பார்கள் என்பதையும் நான் ஏற்கவில்லை. கிட்டார் வாசித்த டெரெக் பெய்லி 1970களில் 'கம்பெனி' என்று ஒன்றைத் தொடங்கினார். அதற்கு நிலையான ஆட்களே கிடையாது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களை அழைத்து, முன்பின் சேர்ந்து வாசிக்காதவர்களைக்கூட ஒரே மேடையில் உட்கார வைத்தார். பழகிப் போனால் கை பழைய வழியிலேயே ஓடும் என்பது அவர் கவலை. நம் ஊரில் 2010-ல் தொடங்கிய கேஎல்இஎக்ஸ் என்ற பரிசோதனைப் பட, இசை விழாவுக்குப் போய்ப் பாருங்கள், இப்படித் துணிந்து வாசிக்கும் ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

மைல்ஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் எப்படி வந்தது? 1959 மார்ச் 2, ஏப்ரல் 22, இரண்டே நாள் பதிவு. மைல்ஸ் கையில் சில குறிப்புகள் மட்டும், முழு ஒத்திகை கிடையாது. பியானோ வாசித்த பில் எவன்ஸ் அப்போது அந்தக் குழுவிலேயே இல்லை, விலகிப் போனவரைத் திரும்ப அழைத்தார்கள்.

தனித்தனியாகப் பதிவதற்கும் நம் ஆட்களே சாட்சி. இந்திய இசையையும் ஜாஸையும் சேர்த்து வாசிக்கும் சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' ஆல்பம் 2023-ல் வந்தது. கொரோனா காலத்தில் அவரவர் ஊரிலிருந்து வாசித்து அனுப்பிச் சேர்த்தது. அதற்கு 2024-ல் கிராமி கிடைத்தது.

ஜோர்ஜ்டவுன் ட்ரம்ஸ்:

சக்தியில் கிட்டார் ஜான் மெக்லாக்லினும் தபலா ஜாகிர் உசேனும் எப்போதிலிருந்து சேர்ந்து வாசித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள் தம்பி. 1970களின் நடுவிலிருந்து. அந்த ஆல்பத்தில் வாசித்த செல்வகணேஷ் யார்? முதல் சக்தியில் கடம் வாசித்த விக்கு விநாயக்ராமின் மகன். ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரிந்த ஆட்கள் தூரத்திலிருந்து வாசித்தாலும் ஒட்டும். வலந்தலை தம்பியின் குழுவுக்கு அந்த வயது ஆகவில்லை.

பில் எவன்ஸும் வழிப்போக்கர் இல்லை. 1958-ல் அதே குழுவோடு மாதக்கணக்கில் வாசித்துவிட்டுத்தான் விலகினார். மைல்ஸுக்கு அவர் கை தெரியும், அந்தப் பாட்டுகளுக்கு அந்தக் கைதான் வேண்டும் என்றும் தெரியும். பெய்லி விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அங்கேயும் எல்லாரும் ஒரே மேடையில்தானே இருந்தார்கள்?

நீலா கீஸ் (கோலாலம்பூர்):

இவ்வளவு நேரமாக யாரும் சுருதியைத் தொடவே இல்லை. பியானோ வாசிப்பவள் என்ற முறையில் எனக்கு அதுதான் முதல் கவலை.

மிருதங்கத்தை ஒரு சுருதிக்குத்தான் கட்ட முடியும். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பாட்டு 'சோ வாட்' 32 பார் (நான்கு அடி ஒரு பார்). முதல் 16 பார் 'டி'யில், அடுத்த எட்டு அரை சுரம் மேலே 'ஈ ஃப்ளாட்'டில், கடைசி எட்டு மறுபடி 'டி'யில். நம் சுருதிக் கணக்கில் இரண்டு கட்டை, இரண்டரைக் கட்டை, திரும்ப இரண்டு. இரண்டு கட்டைக்குக் கட்டிய மிருதங்கத்தில் நடு எட்டு பாரிலும் சுருதியோடு நின்று ஒலிக்கும் 'நம்' என்ற சொல் விழும் போதெல்லாம் பழைய ஆதார சுருதிதான் ஒலிக்கும். பியானோ மேலே போய் நிற்கும், வலந்தலை கீழே இழுக்கும். காது கூசும்.

இதற்கு வழி இருக்கிறது. அந்த எட்டு பாரில் 'நம்', 'தீம்' என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிட்டுச் சுருதி நிற்காத சொற்களை மட்டும் வாசிக்கலாம். தொப்பியில் தாங்கலாம். இரண்டாவது மிருதங்கம் வைத்துக்கொள்ளலாம். பேசாமல் நிறுத்திப் பாஸை மட்டும் நடக்க விடலாம், அதுவும் அழகுதான். எது சரி என்று அறையில் சேர்ந்து தேடினால்தான் தெரியும். ஸ்டூடியோ ஏர்கானில் தோல் இறுகிச் சுருதி ஏறும் தொல்லை வேறு இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் தேட முடியாது. ப்ளூ நோட் கம்பெனியின் ஆல்ஃபிரட் லயன் பதிவுக்கு முன் ஒத்திகை வைத்து, அந்த ஒத்திகைக்கும் சம்பளம் கொடுத்தார். அந்தத் தட்டுகளில் கேட்கும் இறுக்கத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். உங்கள் பணத்தில் ஒரு பங்கை ஒத்திகைக்கு ஒதுக்குங்கள் தம்பி.

இன்னொன்று. பாட்டு யார் பெயரில் போகிறது என்று பேசிவிட்டீர்களா? 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் உள்ள 'ப்ளூ இன் க்ரீன்' மைல்ஸ் பெயரில் வந்தது, அதை எழுதியது நான்தான் என்று பில் எவன்ஸ் பிற்பாடு சொன்னார். மனோதர்மம் அதிகமாக இருக்கிற இசையில் இந்தச் சண்டை வராமல் இருக்காது. இசை எழுதியவர்களின் உரிமையைக் கவனிக்கும் எம்ஏசிபி அமைப்பில் பாட்டைப் பதியும்போது யாருக்கு எத்தனை பங்கு என்று எழுத வேண்டும். அன்றைக்குப் பேச ஆரம்பித்தால் நட்பு கெடும்.

வலந்தலை:

நீலா அக்கா, இரண்டு கட்டை விவகாரம் எங்களை ரொம்ப நாளாகப் படுத்துகிறது. எங்கள் மெட்டு ஒன்றிலும் பியானோ நடுவில் மேலே ஏறும். அந்த இடத்தில் எனக்கு ஏன் கூச்சமாக இருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது. நம், தீம் இல்லாமல் இந்த வாரமே வாசித்துப் பார்க்கிறேன்.

பங்கைப் பற்றிப் பேசவில்லை. மெட்டு பெரும்பாலும் சாக்ஸ்காரருடையது, கோர்வைகள், அதாவது முடிவுத் தாளக் கணக்குகள், என்னுடையவை. நாலு பேருக்கும் சமமாகப் போடலாமா?

செந்தூல் உருமி:

சமமாகத்தான் போடணும். நாலு பேர் வாசிக்காமல் அந்தப் பாட்டு ஏது?

நீலா கீஸ்:

அதை நான் ஏற்க மாட்டேன் அண்ணே. மெட்டு எழுதியவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்த வேலைக்குத் தனி மதிப்பு வேண்டும். எட்டு நிமிடம் மொத்தமாக அந்த நேரத்திலேயே பிறந்த பாட்டு என்றால் நாலு பேருக்கும் சமம். மெட்டு முன்பே இருந்தால் எழுதியவருக்கு அதிகம். பாட்டுக்குப் பாட்டு வேறுபடும். ஒரே விதி போடாதீர்கள்.

ஒலிக்கூடம்:

சரி, ஒரே அறை என்று முடிவு செய்தால் எப்படிச் செய்வது என்றாவது சொல்கிறேன்.

சாக்ஸையும் மிருதங்கத்தையும் எதிரெதிரே வைக்காதீர்கள். சாக்ஸ் மூலையில், அதன் வாய் கனமான திரைச்சீலை பக்கம். மிருதங்க மைக்கின் முதுகுப்புறம் சாக்ஸைப் பார்த்து இருக்கட்டும், அந்தப் பக்கத்துச் சத்தத்தை அது குறைவாகத்தான் பிடிக்கும். மிருதங்கத்தைத் தரையில் வைக்காமல் மேடை போட்டு உயர்த்துங்கள், பியானோகாரர் கை உங்களுக்குத் தெரியும். பாஸுக்குப் பக்கத்தில் இடுப்பளவுத் தடுப்பு போதும், அதற்கு மேல் போனால் முகம் மறையும். அறை முழுவதற்கும் பொதுவாக இரண்டு மைக். மிக்ஸிங்கில் முக்கால் வேலை அந்த இரண்டிலேயே முடியும். ஏர்கானைக் காலையிலேயே போட்டுவிட்டு, மிருதங்கத்தை அங்கேயே ஒரு மணி நேரம் வைத்த பிறகு சுருதி சேருங்கள்.

ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று டேக்காவது எடுங்கள். முதல் டேக்கின் தொடக்கமும் மூன்றாம் டேக்கில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனமும் நன்றாக இருந்தால் வெட்டிச் சேர்க்க அனுமதி கொடுங்கள். அதையும் மறுத்தால் நல்ல வாசிப்பைக் குப்பையில் போடுகிறீர்கள்.

ஜோர்ஜ்டவுன் ட்ரம்ஸ்:

முழு டேக்கிலிருந்து முழு டேக்குக்கு வெட்டுவதில் எனக்குத் தகராறு இல்லை. ஒரு சுரம் தப்பிவிட்டது என்று அதை மட்டும் தோண்டி எடுத்து வேறொன்றைச் செருகக் கூடாது. ஒருவர் தவறிய இடத்தில் மற்ற மூவரும் எப்படித் தாங்கினார்கள் என்பதும் அந்த வாசிப்பில் சேர்த்தி.

வலந்தலை:

எங்கள் ஆட்களிடம் பேசினேன். ஒரே அறை, தடுப்பு இடுப்பளவு. டேக்குகளுக்கு இடையே வெட்டலாம் என்று மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள், சாக்ஸ்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் முழு மனதாகச் சொல்லவில்லை. ஸ்டூடியோ தேதியை இரண்டு மாதம் தள்ளியிருக்கிறோம். ஜாலான் மெசுயில் உள்ள 'நோ பிளாக் டை' ஜாஸ் கிளப்பில் வாசிக்க இடம் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் சின்ன இடங்களில் வாசிப்போம். பங்குப் பத்திரத்தை நீலா அக்கா சொன்னபடி பாட்டுக்குப் பாட்டு எழுதுகிறோம்.

ஒலிக்கூடம் அண்ணே, கிளிக் மட்டும் கண்டிப்பாக வேண்டாம்.

ஒலிக்கூடம்:

ஏழு எண்ணிக்கையில் போகும் மிஸ்ர சாபு பாட்டுக்கு மட்டும் கிளிக் வைத்து ஒரு டேக் எடுங்கள் தம்பி, அவ்வளவுதான் கேட்கிறேன். காலப்பிரமாணம் (வேகம்) உங்களுக்கு நிற்கும். ஆனால் ஜாஸ் பாஸ்காரர்கள் ஏழில் போகப் போக வேகம் கூடி ஓடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஓடிவிட்டால் ஒரு டேக்கின் பாதியை இன்னொன்றோடு ஒட்டவே முடியாது.

செந்தூல் உருமி:

எங்கள் ஒத்திகைக் கொட்டகை செவ்வாய், வியாழன் ராத்திரி காலியாக இருக்கும். காற்றாடிதான், ஏர்கான் இல்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நின்று கேட்பார்கள், அவர்கள் முன்னால் வாசித்துப் பாருங்கள். வாடகை வேண்டாம். பாஸ்காரரையும் அழைத்து வாங்க, ஏழில் ஓடுகிறாரா என்று எங்கள் பையன்கள் பார்த்துச் சொல்வார்கள்.