பாரிஸின் தீர்ப்புத் தட்டு: சீனத்து அசலா, சாம்சன் நகலா?

பழைய பீங்கான் தெரிந்தவர்கள் உதவுங்கள். 23 செ.மீ. தட்டு, நடுவில் மூன்று கிரேக்கத் தேவியர், ஆப்பிளை நீட்டும் இளவரசன் பாரிஸ். தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஐரோப்பியப் படத்தைப் பார்த்து 1740-களை ஒட்டி சீனாவில் தீட்டிய வகை. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் சாம்சன் பட்டறை சீன ஏற்றுமதிப் பீங்கானை நிறைய நகலெடுத்ததால்தான் இந்தக் குழப்பம்.

அசல் என்று சொல்ல வைப்பவை: அடிவளையத்தில் (தட்டு நிற்கும் அடிப்பக்க விளிம்பு) கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேல்பூச்சு, முடியும் இடத்தில் செம்பழுப்புக் கோடு, லேசான நீலச்சாம்பல் கிளேஸ், அங்கங்கே ஊசித்துளைகள். உறுத்துவது பொன் விளிம்பு. கிளேஸுக்கு மேல் குறைந்த சூட்டில் சுட்ட பொன்தான் முதலில் தேயும். இதில் தேய்மானமே இல்லை. சுவரில் மாட்டிய தட்டு என்றால் அது இயல்புதான், ஆனால் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் விளிம்பின் ஒரு பகுதி மட்டும் வேறாக ஒளிர்கிறது. உடைந்ததைப் பிற்காலத்தில் பிசினால் ஒட்டி, மேலே பொன் பூசிய இடமாக இருக்க வேண்டும்.

அந்த இடத்தில் மட்டும் அசிட்டோன் தொட்ட பஞ்சுக்குச்சியால் சோதிக்கலாமா? சுடாத பொன் பெயிண்ட் கரையும், சுட்ட பொன் கரையாது. பூச்சுக்கு அடியில் உள்ள அந்த ஒட்டுப் பிசினும் இளகிவிடுமோ என்பதே பயம். சாம்சன் தட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அடிவளையப் படம் இருந்தால் போடுங்கள்.