போஸ்ட்கிரெஸ்: விற்பனை அட்டவணைகள் துப்புரவாக இருக்கின்றன, பிஜி_ஆட்ரிபியூட் மட்டும் வீங்குகிறது

கேள்வி (கொழும்பு 11):
வணக்கம். புறக்கோட்டையில் உள்ள ஒரு மொத்த வியாபார நிலையத்தின் பற்றுச்சீட்டு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 13. மூன்று கிழமைகளாக, காலையில் கூட்டம் சேரும் நேரத்தில், மிக எளிய வினவலும் ஓடத் தொடங்கு முன்பே தாமதிக்கிறது. திட்டமிடும் நேரமே ஓடும் நேரத்தை விஞ்சுகிறது. பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று மறிக்கின்றன என்று எண்ணி, பூட்டுகளைப் பட்டியலிடும் பிஜி_லாக்ஸ் பார்த்தேன். காத்திருக்கும் பூட்டு எதுவும் இல்லை. ஆனால் எல்லா அட்டவணைகளின் நிரல்களையும் பதிந்து வைக்கும் உள் அட்டவணையான பிஜி_ஆட்ரிபியூட் பல ஜிகாபைட் வளர்ந்திருக்கிறது. தானாகத் துப்புரவு செய்யும் ஆட்டோவேக்கம் திரும்பத் திரும்ப ஓடியும் அதில் இறந்த நிரைகள் (அழிந்த பின்னும் இடம் பிடித்திருப்பவை) குறையவில்லை, விற்பனை அட்டவணைகளில் மட்டும் ஒழுங்காக நீங்குகின்றன.

மறுமொழி (வெள்ளவத்தை):
பூட்டை ஒரு முறை பார்த்து முடிவு கட்ட வேண்டாம். நெரிசல் நேரத்தில், எது எதை மறிக்கிறது என்று காட்டும் பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் சார்பைச் சில விநாடிக்கு ஒரு தடவை ஓட்டிப் பதிந்து வையுங்கள். இணைப்புகளைப் பட்டியலிடும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பரிவர்த்தனையைத் திறந்தபடி சும்மா கிடக்கும் இணைப்புகள் உண்டா? அறிக்கைகளுக்குத் தற்காலிக அட்டவணைகள் உருவாக்குகிறீர்களா?

கேட்டவர்:
ஆம், ஒவ்வோர் அறிக்கைக்கும் நாற்பது நிரல்கள் கொண்ட ஒரு தற்காலிக அட்டவணை உருவாகி அழிகிறது. பழைய பரிவர்த்தனை எதுவும் இல்லை. எவரும் எவரையும் மறிக்கவும் இல்லை.

மறுமொழி (தெகிவளை):
விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அந்த அட்டவணை ஒவ்வொன்றும், மறைவான ஆறு உள் நிரல்களும் சேர, பிஜி_ஆட்ரிபியூட்டில் 46 நிரைகளையாவது எழுதி, அழியும்போது அவற்றை இறந்தவையாக விட்டுச் செல்கிறது. அவற்றை அகற்ற விடாமல் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. பழைய பரிவர்த்தனை பிடித்திருந்தால் விற்பனை அட்டவணைகளும் வீங்கியிருக்கும். உள் அட்டவணைகளை மட்டும் பிடிப்பது கைவிடப்பட்ட லாஜிக்கல் ரெப்ளிகேஷன் ஸ்லாட், அதாவது மாற்றங்களை வேறிடத்துக்கு அனுப்புவதில் எதுவரை முடிந்தது என்று குறித்து வைக்கும் அடையாளம். பழைய வால் பதிவுகளை (தரவுத்தளத்தின் மாற்றக் குறிப்புகளை) வாசித்துப் பொருள் கொள்ள அக்காலத்து அட்டவணை அமைப்பு தேவைப்படுவதால், உள் அட்டவணைகளில் எந்தப் பரிவர்த்தனை முதல் இறந்த நிரைகளை வைத்திருக்க வேண்டும் என்று குறிக்கும் கேட்டலாக்_எக்ஸ்மின் எண்ணை அது நகர விடாது. பிஜி_ஆட்ரிபியூட் மீது, துப்புரவின் விவரங்களைக் காட்டும் வேக்கம் வெர்போஸ் ஓட்டி, அது காட்டும் மிகப் பழைய எக்ஸ்மின் எண்ணை ஸ்லாட்களைப் பட்டியலிடும் பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸில் உள்ள கேட்டலாக்_எக்ஸ்மின் எண்ணோடு ஒப்பிடுங்கள். வால் பதிவுகள் சேரும் பிஜி_வால் கோப்புறையும் பெருத்திருக்க வேண்டும்.

கேட்டவர்:
இரண்டு எண்களும் ஒன்றே, ஐயா. அறிக்கைச் சேவருக்குத் தரவு அனுப்பிச் சோதித்தபோது உருவாக்கிய ஸ்லாட் இயங்காமல் கிடந்தது; கோப்புறையும் நீங்கள் சொன்னபடியே இருந்தது. நீக்கிய பின் வேக்கம் இறந்த நிரைகளை அகற்றிவிட்டது, ஆயினும் கோப்பின் அளவு குறையவில்லை. மிக்க நன்றி.

மறுமொழி (தெகிவளை):
சாதாரண வேக்கம் இடத்தை மறுபயன்பாட்டுக்கு விடுமே தவிரப் பெரும்பாலும் கோப்பைச் சுருக்காது. வேக்கம் ஃபுல் சுருக்கும், ஆனால் அது முடியும் வரை பிஜி_ஆட்ரிபியூட் முழுதாகப் பூட்டப்படுவதால் ஏனைய வினவல்கள் நின்றுவிடும். கடைகள் மூடியிருக்கும் போயா தினத்தில், வட்டில் புதிய பிரதிக்கு இடம் இருப்பதை உறுதி செய்து கொண்டு ஓட்டுங்கள். தற்காலிக அட்டவணையை ஓர் இணைப்புக்கு ஒரு முறை உருவாக்கி, பரிவர்த்தனை முடிந்து கமிட் ஆகும்போது நிரைகளை மட்டும் அழிக்கும்படி அமைப்பது நல்லது. இணைப்புகளைத் தேக்கி மறுபடி பயன்படுத்தவும் செய்யுங்கள்: புதிய இணைப்பு ஒவ்வொன்றும் உள் அட்டவணைகளைப் புதிதாக வாசிக்க வேண்டியிருப்பதால்தான் அந்த வீக்கம் காலை நேரத்தில் உங்களை இவ்வளவு வருத்தியது.