முதல் சூறாவளிப் பருவம்: டாம்பா வளைகுடாவில் எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்?

புதுக்குடித்தனம் (கேள்வி, 2025 மே 11)

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரியில் மிச்சிகனிலிருந்து வேலை மாற்றலாகி ஃபுளோரிடாவின் பினெல்லாஸ் கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வந்தோம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வடகிழக்குப் பகுதியில் ஒரு வீடும் வாங்கிவிட்டோம். 1960களில் கட்டிய, கான்கிரீட் கல் வைத்த ஒற்றைத்தள வீடு. வளைகுடா நீர் முக்கால் மைல் தள்ளி இருக்கிறது. சென்ற ஆண்டு ஹெலீன் சூறாவளி வந்தபோது தண்ணீர் வாசற்படி வரை வந்து திரும்பிவிட்டதாக விற்றவர்கள் சொன்னார்கள்.

கவுண்டியின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் 'பி' மண்டலம் என்று வருகிறது. கடன் கொடுத்த வங்கியோ, இது 'எக்ஸ்' மண்டலம், வெள்ளக் காப்பீடு கட்டாயமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. இரண்டில் எதை நம்புவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூன் முதல் வாரத்தில் அப்பாவும் அம்மாவும் வேதாரண்யத்திலிருந்து வந்து நவம்பர் வரை எங்களுடன் இருக்கப் போகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த இரவு முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்தவர் அப்பா. "ஓட்டு வீட்டிலேயே இருந்து பார்த்தாயிற்று, கான்கிரீட் வீட்டை விட்டு எதற்கு ஓட வேண்டும்?" என்று இப்போதே தொலைபேசியில் கேட்கிறார். அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். புயல் வந்தால் கிளம்ப வேண்டுமா, கிளம்புவதென்றால் எப்போது, எவ்வளவு தூரம் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கேண்டி பாலத்தடி

நண்பருக்கு வணக்கம். நான் உங்கள் ஊரின் வடகிழக்கில் உள்ள ஷோர் ஏக்கர்ஸில் பதினான்கு ஆண்டுகள் குடியிருந்தவன். இப்போது அங்கே இல்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு மண்டலங்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். 'எக்ஸ்', 'ஏஇ', 'விஇ' என்பவை மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா வரைந்த வெள்ள வரைபடத்தின் பெயர்கள். வங்கிக்கும் காப்பீட்டுக்கும் மட்டுமே உரியவை. 'ஏ' முதல் 'இ' வரை உள்ளவை கவுண்டி நிர்வாகத்தின் வெளியேற்ற மண்டலங்கள். கடல் பொங்கி உள்ளே வந்தால் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்ற கணக்கின்படி அவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. புயல் வரும் வாரத்தில் வங்கியின் காகிதத்தை எடுத்து வைத்துவிடுங்கள். 'பி' மண்டலத்தவர் வெளியேற வேண்டும் என்று கவுண்டி அறிவித்தால் அது உங்களுக்கான அறிவிப்புதான்.

2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீனின் மையம் எங்களுக்கு 100 மைலுக்கு மேற்கே, கடலிலேயே வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அன்றிரவு மாநிலத்தின் வடக்கே உள்ள பெர்ரி ஊருக்கு அருகே நான்காம் வகைச் சூறாவளியாக அது கரை ஏறியது. பெர்ரி எங்கே, நாங்கள் எங்கே என்றுதான் நானும் நினைத்தேன். மாலையில் காற்று இருந்தது, ஆனால் பயமுறுத்தும்படி இல்லை. தெருவில் மழைநீர் வடியும் சாக்கடை வாய் இருக்கிறதல்லவா, அதிலிருந்து தண்ணீர் மேலே கொப்பளித்துக்கொண்டிருந்தது. மழைநீராக இருக்கும் என்று நினைத்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. மணல் மூட்டைகளை வாசலில் அடுக்கினேன். தண்ணீர் வாசல் வழியாக வரவேயில்லை. குளியலறை வடிகால் வழியாகவும், சுவரும் தரையும் சேரும் இடத்தில் இருந்த மரச்சட்டத்துக்கு அடியிலிருந்தும் சத்தமே இல்லாமல் ஊறி வந்தது. இரவு பதினொன்றுக்கு முழங்கால் அளவு. குளிர்சாதனப் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்து சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டது. அந்த நேரத்தில் வெளியேற நினைத்தாலும் தெருவில் இடுப்பளவு நீர், மின்சாரம் எங்கே கசிகிறது என்று தெரியாது. விடியும் வரை சமையல் மேடையின் மீது உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கஜா ஊரையே கவிழ்த்தது காற்றால். தென்னந்தோப்புகள் போன கதை எல்லோருக்கும் தெரியும். காற்றை அளந்து பழகிய கண் அவருடையது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஹெலீன் அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒன்றுமே நடக்கவில்லை. கான்கிரீட் சுவர் காற்றைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது.

தொலைக்காட்சியில் காட்டும் கூம்பு வடிவப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது புயலின் மையம் செல்லக்கூடிய பாதையை மட்டுமே காட்டுகிறது, அதுவும் மூன்றில் இரண்டு முறைதான் மையம் அதற்குள் அடங்கும். புயலின் அகலத்தைப் பற்றியோ கடல் எவ்வளவு பொங்கும் என்பதைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. "நாம் கூம்புக்கு வெளியே இருக்கிறோம்" என்று என் பக்கத்து வீட்டுக்காரர் மகிழ்ந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஹூஸ்டன் பழசு

மேலே எழுதியவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனால் "கிளம்பு" என்று சொல்லும்போது எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அதுவும் ஆபத்தாக முடியும் என்பதை நாங்கள் 2005இல் கற்றோம்.

கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து ஏறக்குறைய மூன்று வாரமே ஆன நிலையில் ரீட்டா எங்களை நோக்கி வருவதாகச் செய்தி வந்தது. ஹூஸ்டனில் மேட்டுப்பகுதியில் இருந்தவர்கள் உட்பட இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டார்கள். கேல்வஸ்டன் தீவுக்காரர்கள் போக வேண்டிய சாலையை, போக வேண்டிய அவசியமே இல்லாத நாங்கள் அடைத்துக்கொண்டு நின்றோம். எங்களுக்கு 40 மைல் கடக்கப் பதினாறு மணி நேரம் ஆனது. குளிரூட்டியை ஓட்டினால் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று கண்ணாடியை இறக்கி வைத்து, கைக்குழந்தையின் தலையில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரீட்டா கடைசியில் டெக்சாஸ், லூசியானா எல்லைப் பக்கம் ஒதுங்கிவிட்டது. ஆனால் அந்த வெளியேற்றத்திலேயே, வெயிலாலும் விபத்தாலும் முதியோரை ஏற்றிச் சென்ற பேருந்து தீப்பற்றியதாலும், 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தண்ணீர் வரும் என்றால் ஓடு, காற்று மட்டும் என்றால் பதுங்கு என்று இங்கே சொல்வார்கள். ஓட வேண்டிய தூரம் பத்து மைல் இருபது மைல்தான், அட்லாண்டா வரை அல்ல. கவுண்டியை விட்டே போக வேண்டியதில்லை. எந்த எழுத்தும் இல்லாத, வெளியேற்ற மண்டலத்துக்கு வெளியே உள்ள ஒரு உறுதியான வீடு போதும். அப்படி யாராவது தெரிந்தவர் இருக்கிறார்களா என்பதை ஜூனுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புயல் வருகிற வாரத்தில் கேட்டால் அவர்களுடைய கூடத்தில் ஏற்கெனவே வேறு மூன்று குடும்பங்கள் இருக்கும்.

கணக்குப்பிள்ளை

வங்கி கேட்கவில்லை என்பதற்காக வெள்ளக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு தரையிலிருந்து ஏறி வரும் தண்ணீருக்கு ஒரு டாலர்கூடத் தராது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரையிலும் பொருட்களுக்கு 1,00,000 டாலர் வரையிலும் எடுக்கலாம். ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். பருவம் ஜூன் 1இல் தொடங்குகிறது, இன்று மே 11. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தில் சூறாவளிக்கென்று தனியாக ஒரு 'டிடக்டிபிள்' (நிறுவனம் தருவதற்கு முன் நாமே ஏற்க வேண்டிய தொகை) இருக்கும். அது 500, 1,000 என்று தொகையாக இராமல் பெரும்பாலும் விழுக்காடாக இருக்கும், அதுவும் சேதத்தில் அல்ல, வீட்டின் காப்பீட்டு மதிப்பில். நான்கு லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 விழுக்காடு என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்துதான் போகும். அந்தத் தொகை வங்கியில் தனியாக இருக்கட்டும். புயல் நெருங்கிவிட்டால் எந்த நிறுவனமும் புதிய பத்திரம் எழுதாது, பழையதில் மாற்றமும் செய்யாது.

இன்றைக்கே செய்யக்கூடிய, செலவில்லாத வேலை ஒன்று: கைப்பேசியில் ஒவ்வோர் அறையையும், அலமாரிகளைத் திறந்து, பொருட்களின் வரிசை எண்ணோடு காணொளி எடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். சென்ற அக்டோபரில் வந்த மில்டன் சூறாவளிக்குப் பிறகு என்னிடம் வந்தவர்களில் இதைச் செய்திருந்தவர்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிட்டார்கள்.

பிராடென்டன் அக்கா

நான் மூன்று முறை கிளம்பியவள், அதில் ஒரு முறை தவறாகக் கிளம்பியவள். சென்ற அக்டோபரில் மில்டன் மெக்சிகோ வளைகுடாவின் நடுவே மணிக்கு 180 மைல் காற்றோடு சுழன்றதைப் பார்த்து அரண்டுபோய், மாநிலத்தின் மறு கரையில் ஃபோர்ட் பியர்ஸ் அருகே இருந்த உறவினர் வீட்டுக்குப் போனோம். அக்டோபர் 9 அன்று மாலை, புயல் சியெஸ்டா கீ பக்கம் கரையைத் தொடுவதற்கு முன்பே, அதன் வெளிக்கைகளில் எழுந்த சுழற்காற்றுகள் அந்தக் கவுண்டியில்தான் ஆறு பேரைக் கொன்றன. தூரம் போவது பத்திரம் என்ற நம்பிக்கை எனக்கு அன்றோடு போயிற்று. ஆகையால் ஹூஸ்டன்காரர் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

மற்றபடி வீட்டு வேலைகளில் இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. உடையும்போது பெரிய பெரிய துண்டுகளாக விழும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு வெளியே புயல் தடுப்புக் கதவு இல்லையென்றால் பிளைவுட்டை இப்போதே அளந்து வெட்டி, எந்த ஜன்னலுக்கு எது என்று எழுதி கராஜில் சாய்த்து வையுங்கள். கராஜ் கதவையும் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். 1960களின் வீட்டில் காற்று முதலில் உடைத்துக்கொண்டு நுழையும் இடம் அதுதான்.

ஜெனரேட்டரைக் கராஜிலோ ஜன்னல் ஓரத்திலோ ஓட்டாதீர்கள். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகும்படி வையுங்கள். புயலில் தப்பித்துப் பிறகு கார்பன் மோனாக்சைடில் இறந்தவர்களின் செய்தி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. உங்கள் வீட்டில் மின் அடுப்பாகத்தான் இருக்கும், எனவே அவல், பொரி, பருப்புப் பொடி, ஊறுகாய் ஆகியவற்றை நம்பலாம், அரைத்த மாவை நம்பக் கூடாது. மில்டனுக்கு முந்தைய நாள் ஆசையாக ஒரு பானை மாவு அரைத்து வைத்துவிட்டுப் போனேன். ஐந்து நாள் மின்சாரம் இல்லாமல் அது பொங்கி வழிந்து, குளிர்சாதனப் பெட்டியின் ரப்பர் பட்டைக்குள் காய்ந்து போயிருந்ததைப் பல் துலக்கும் தூரிகையால் சுரண்ட வேண்டியதாயிற்று.

அம்மாவுக்கு இன்சுலின் என்கிறீர்கள். புயலுக்கென்று கூடுதலாக ஒரு மாத மருந்தைக் கையில் வையுங்கள், நல்ல தெர்மல் பெட்டியும் ஐஸ் பட்டைகளும் வாங்குங்கள், ஆனால் இன்சுலின் உறையக் கூடாது என்பதால் பட்டை மருந்தைத் தொடாதபடி இடையே துண்டு வையுங்கள். கடவுச்சீட்டுகளும் மருத்துவர் சீட்டும் ஒரே பையில் இருக்கட்டும்.

புதுக்குடித்தனம்

அனைவருக்கும் மிக்க நன்றி. வெள்ளக் காப்பீட்டுக்கு இன்று மாலையே பணம் கட்டிவிட்டேன். அப்பாவிடம் உப்புக் கரித்த கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "77இல் நாகப்பட்டினத்தில் அடித்தபோது கடல் ஊருக்குள் வந்ததை என் அத்தை சொல்வாள்" என்றார். வர மாட்டேன் என்று அதன் பிறகு சொல்லவில்லை. டாம்பாவை ஒட்டிய டெம்பிள் டெரஸில் என் அலுவலக நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக்கு எந்த எழுத்தும் இல்லை, எங்கள் நால்வருக்கும் இடமுண்டு என்கிறார். புயல் வியாழன் இரவு வருகிறது என்றால் வியாழன் காலை கிளம்பினால் போதுமல்லவா? அரை மணி நேரப் பயணம்தானே.

கேண்டி பாலத்தடி

போதாது. பினெல்லாஸ் மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நிலம்; டெம்பிள் டெரஸ் போக நீங்கள் ஹோவர்ட் ஃபிராங்க்லண்ட், கேண்டி, கோர்ட்னி கேம்ப்பெல் ஆகிய மூன்றில் ஒரு பாலத்தைக் கடப்பதுதான் நேர்வழி. மையம் தொலைவில் இருக்கும்போதே காற்று விடாமல் 40 மைல் வேகத்தைத் தொட்டால் பாலங்களை அடைத்துவிடுவார்கள், அணுகுசாலையில் தண்ணீர் ஏறினால் அதற்கும் முன்பே. வியாழன் இரவுப் புயலுக்குச் செவ்வாய் மாலை பெட்ரோல் போட்டு, புதன் பகலில் பாலத்தைத் தாண்டிவிடுங்கள். மின்சாரக் கார் வைத்திருந்தால் அதையும் கூடவே ஓட்டிச் செல்லுங்கள், கராஜில் விட்டுப் போகாதீர்கள். உப்புநீரில் மூழ்கிய பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பற்றக்கூடும்.

திரும்பி வருவதற்கும் அவசரப்பட வேண்டாம். கவுண்டி வழிவிட்ட பிறகு வாருங்கள். முதலில் வந்து மின்விசையைப் போடாதீர்கள். தண்ணீர் உள்ளே வந்திருந்தால் சுவரில் அது நின்ற கோட்டை அளவுகோல் வைத்துப் படம் எடுத்த பிறகே எதையும் துடையுங்கள்.