கலைச்சொல் உதவி: சில்வண்டு முட்டையிட்ட கிளையின் நுனி காய்வதற்கு என்ன பெயர்?

மடல் 1 (சிகாகோ புறநகரிலிருந்து, மொழிபெயர்ப்பவர்)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியின் பெற்றோருக்காக வீட்டுத் தோட்டக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். இந்த 2024 மே மாதக் கடைசியில் பதினேழு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வெளிவரும் சில்வண்டுகள் இங்கே மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளிவந்தன. ஜூலை பிறந்ததும் இரைச்சல் அடங்கிவிட்டது. ஆனால், சென்ற ஆண்டு நட்ட ஆப்பிள், மேப்பிள் கன்றுகளில் கிளைநுனி மட்டும் பழுப்பாகி, பச்சைக்கு நடுவே கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. அந்தத் தோற்றத்தை வைத்து இதனை இங்கே ‘ஃப்ளாகிங்’ என்கிறார்கள்.

குறிப்பின் சாரம் இதுதான்: பெண் பூச்சி பென்சில் பருமனுள்ள குச்சியை அரம் போன்ற உறுப்பால் கீறி உள்ளே முட்டையிடுகிறது, கீறலுக்கு அப்பால் நீர் சரியாக ஏறாததால் இலை காய்கிறது, சில குச்சிகள் ஒடிந்தும் விழுகின்றன, வளர்ந்த மரங்கள் இதனைத் தாங்கிக்கொள்ளும், கன்றுகளை மட்டும் கவனித்தால் போதும், மருந்து அடிக்கத் தேவையில்லை. நான் ‘கொடியிடல்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் மனைவி, சில்வண்டு எங்கே கொடியேற்றியது என்று கேட்டார். உங்கள் பரிந்துரைகளை வேண்டுகிறேன்.

மடல் 2 (தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

அன்புடையீர்,

முதலில் பூச்சியின் பெயரைத் திருத்திக்கொள்ள வேண்டும். ‘சிள்’ என்பது ஒலிக்குறிப்பு. சங்க நூல்களில் அது ‘சிள்வீடு’ என வரும். எனவே ‘சிள்வண்டு’ என எழுதுவதே முறை. ‘சிதடி’ என்ற பெயரும் உண்டு. பதிற்றுப்பத்தில் உலர்ந்த உன்னமரத்தின் கவட்டிலிருந்து சிதடி கத்துவது பெருவறட்சியின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. அங்கே மரத்தை உலர்த்தியது பொய்த்த வானம். சிதடி அதன்மேல் அமர்ந்து கத்தியது, அவ்வளவே. பூச்சியின்மேல் பழி போடாத அந்தப் பார்வை உங்கள் குறிப்புக்கும் பொருந்தும்.

கலைச்சொல்லுக்கு வருகிறேன். ‘சினை’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். முதல், சினை என்னும் இலக்கணப் பாகுபாட்டில் அது உறுப்பு. இலக்கியத்தில் மரத்தின் கிளை. மீனுக்குள் இருந்தால் முட்டை. கிளையில் முட்டைக்காகப் போடும் கீறலைச் சொல்ல ‘சினைக்கீறல்’ என்பதைவிடச் செறிவான சொல் எந்த மொழியிலும் வாய்க்காது என்பது என் துணிபு.

மடல் 3 (மதுரையிலிருந்து, வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்தவர்)

வணக்கம். புலவர் ஐயாவின் சொல் அழகானதுதான். ஆனால், இன்றைக்குச் ‘சினை’ என்றால் மக்கள் மாட்டைத்தான் நினைப்பார்கள். ‘உங்கள் மேப்பிளில் சினைக்கீறல் காணப்படலாம்’ என்று படிக்கும் பெற்றோர் கால்நடை மருத்துவரைத் தேடாமல் இருந்தால் சரி.

என் கவலை வேறு. பெயரைப் பார்த்துத்தான் கை தெளிப்பானுக்குப் போகும். ‘நுனிக்கருகல்’ என்று எழுதினால், இலைக்கருகல் நோயைக் கேட்டுப் பழகியவர்கள் பூஞ்சைக்கொல்லியை வாங்கி வந்துவிடுவார்கள். ‘நுனிவாடல்’ என்றாலும் அதே தொல்லைதான்; தக்காளிக்கும் வாழைக்கும் வரும் வாடல் நோய் நினைவுக்கு வரும். ‘பூச்சித் தாக்குதல்’ என்று போட்டால் சொல்லவே வேண்டாம். நான் பணியில் இருந்த காலத்தில் எங்கள் துண்டறிக்கை ஒன்றில் தேவையில்லாமல் ‘நோய்’ என்று ஒரு சொல் நுழைந்துவிட்டது. அதைப் படித்த ஒருவர் இரண்டு செடிகளுக்காக அரை லிட்டர் மருந்தோடு வந்து நின்றதை நான் மறக்கவில்லை.

சில்வண்டு சாறு உறிஞ்சும் பூச்சி என்பது உண்மை. அசுவினி, தத்துப்பூச்சி ஆகியவற்றின் வரிசையைச் சேர்ந்ததுதான். ஆனால், அது குடிப்பது வேரிலிருந்து மேலேறும் நீர்த்த சாறு. குஞ்சுகள் மண்ணுக்குள் வேரில் அதையே குடித்துப் பதினேழு ஆண்டுகள் கழித்தும் தோட்டத்து மரங்கள் நின்றுகொண்டுதானே இருந்தன? அது இலையைக் கடித்துத் தின்பதும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் கேடு முட்டையிடும் கீறலால் வருவது மட்டுமே. ஆகவே ‘நுனிவாட்டம்’ என்று எழுதுங்கள். வாட்டம் நோயாகாது, முகத்துக்கும் வரும், பயிருக்கும் வரும், தானே தெளியும்.

பி.கு.: ‘வண்டு’ என்பதும் எனக்கு உறுத்தல்தான். தென்னையில் காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு என்று கடினச் சிறகுள்ளவற்றுக்கு அதை ஒதுக்கி வைத்திருக்கிறோம். இது அந்த இனம் இல்லை. ஆனால், ஊர் வைத்த பெயரை நாம் மாற்ற முடியாது.

மடல் 4 (டொரண்டோவிலிருந்து, யாழ்ப்பாணத்தில் தாவரவியல் கற்பித்தவர்)

அன்பின் நண்பர்களே, வேரிலிருந்து நீரை மேலேற்றும் திசுவை, தமிழ்நாட்டில் ‘சைலம்’ என்று எழுதுவதை, நாங்கள் ‘காழ்’ என்றே படிப்பித்தோம். தொல்காப்பிய மரபியல் புறக்காழ் (வெளிப்புற வயிரம்) உடையதைப் புல் என்றும், அகக்காழ் (உள்வயிரம்) உடையதை மரம் என்றும் பிரித்தது உங்களுக்குத் தெரிந்ததே. இந்தப் பூச்சி முட்டையிடத் தேடுவது அகக்காழ் முற்றத் தொடங்கிய குச்சியை. தக்காளி, வெண்டி, மிளகாய் போன்ற மெல்லிய தண்டுகளை அது பெரும்பாலும் நாடுவதில்லை. அப்படியாயின் ‘காழ்க்கீறல்’ என்று சொன்னால் எங்கே, எதனால் என்ற இரண்டுக்கும் ஒரே சொல்லில் விடை கிடைக்காதா? புல்லின் புறக்காழை இது ஏன் தவிர்க்கிறது என்பதைப் பற்றியும் விரிவாக எழுத விருப்பம். அதைத் தனி மடலில் அனுப்புகிறேன்.

மடல் 5 (தஞ்சாவூரிலிருந்து)

காழ் என்றால் வித்து, வைரம், முத்துவடம் என்றெல்லாம் பொருள் உண்டு. பெற்றோருக்குச் சினை விளங்காது என்றால் காழ் மட்டும் எப்படி விளங்கும்? விளங்காத சொல்லைப் புழங்கினால்தான் விளங்கும். ‘பேருந்து’ என்ற சொல்லையும் முதலில் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். மேலும் மதுரை நண்பரின் ‘நுனிவாட்டம்’ விளைவை மட்டுமே சொல்கிறது. தண்ணீர் இல்லாவிட்டாலும் நுனி வாடும். அதைப் படித்தவர் பூச்சிக்கொல்லியை விட்டுவிட்டுக் குழாயைத் திறந்து வேரை அழுகச் செய்வார். அது மட்டும் கேடில்லையா?

மடல் 6 (மதுரையிலிருந்து)

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே, சொல்லோடு அடையாளத்தையும் எழுதிவிடலாம். வாடிய குச்சியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், தையல் இயந்திரம் ஓடியதுபோல் வரிசையாகச் சிறு கீறல்கள் தெரியும். பட்டை சிலும்பிக்கொண்டு, உள்ளே வெளிறிய மரம் இருக்கும். கீறல் இருந்தால் அது சில்வண்டின் வேலை. இல்லாவிட்டால் நீரையோ வேரையோ பார்க்க வேண்டும். காய்ந்த நுனியைக் கீறலுக்குக் கீழே வெட்டிவிடலாம். பெரிய மரமானால் அதுவும் வேண்டாம். முட்டை பொரிய ஆறு முதல் பத்து வாரம் ஆகும். பொரித்த குஞ்சு மண்ணில் விழுந்து உள்ளே போய்விடும்.

மடல் 7 (சிகாகோ புறநகரிலிருந்து)

அனைவருக்கும் நன்றி. இன்று காலை ஒரு பெற்றோர் தொலைபேசியில் அழைத்து, குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றி வெளியே எடுத்து வைத்த கறிவேப்பிலைத் தொட்டியில் நுனி காய்ந்திருப்பதாகச் சொன்னார். குரலில் கிட்டத்தட்ட அழுகை. குச்சியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். ஒன்பது கீறல்களை எண்ணிச் சொன்னார். ‘இதற்குத் தமிழில் என்ன பேர்?’ என்றும் கேட்டார். ‘நுனிவாட்டம்’ என்றேன், ‘ஓ, வாட்டம்தானா’ என்று பெருமூச்சு விட்டார். சினைக்கீறல் என்று சொல்லியிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று புலவர் ஐயாவிடம் நான் சொல்லப்போவதில்லை.

எனவே, விளைவுக்கு ‘நுனிவாட்டம்’, காரணத்துக்கு ‘முட்டைக்கீறல்’ என இரண்டாகப் பிரித்து அச்சுக்கு அனுப்புகிறேன். இளங்கன்றுகளுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள வலையைப் பூச்சி வரும்முன் போர்த்தி, அடியில் தண்டோடு கட்ட வேண்டும் என்ற பகுதியையும் சேர்த்திருக்கிறேன். இந்த ஆண்டுக்கு அது காலங்கடந்த அறிவுரைதான்.

மடல் 8 (டொரண்டோவிலிருந்து)

உடன்படுகிறேன், அரை மனதோடு. புறக்காழ் பற்றிய மடல் நாளை வரும்.

மடல் 9 (தஞ்சாவூரிலிருந்து)

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் ‘முட்டைக்கீறல்’ என்பதைக் கேட்டால் ஆம்லெட்டுக்கு முட்டையைக் கீறுவதுபோல் இருக்கிறது என்ற என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் பகுதியில் இந்தக் கூட்டம் அடுத்து வெளிவருவது 2041-இல் என்று கணக்கிட்டேன். மறுபதிப்பு அப்போது வரும். ‘சினைக்கீறல்’ அதற்காகக் காத்திருக்கும். ளகரத்தையும் மறந்துவிட வேண்டாம்.