நீர்ப்பிரிமேடா, நீர்வகிடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வேளாண் நிலப்பகுதி ஒன்றின் இடவியல் வரைபடத்துக்குக் குறிவிளக்கம் எழுதும்போது 'வாட்டர்ஷெட்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். பிரிட்டிஷ் வழக்கில் அது இரண்டு ஆறுகளுக்கு நீரைப் பிரித்துவிடும் கோடு. அமெரிக்க வழக்கிலோ அந்தக் கோட்டுக்குள் அடங்கிய பரப்பு முழுவதும். பரப்புக்கு 'நீர்ப்பிடிப்புப் பகுதி' இருக்கிறது, அதுவே போதும். கோட்டுக்குத்தான் நல்ல சொல் வேண்டும்.

இந்தக் கோட்டுக்கு முன் மடலில் முன்வைக்கப்பட்ட 'நீர்ப்பிரிமேடு' என்ற சொல் மலைப்பகுதிக்குச் சரி. சமவெளி வயலில் மேடு என்று கைகாட்ட ஒன்றும் இருக்காது. 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) வரைந்த படத்தில், இரண்டு ஓடைகளுக்கு நடுவே ஒரு கோடுகூட விழாமல் போகலாம். ஆனாலும் பெய்த மழை எங்கோ ஓரிடத்தில் இரண்டாகப் பிரியத்தான் செய்கிறது.

என் பரிந்துரை 'நீர்வகிடு'. வகிடு எடுத்தால் முடி இருபுறமும் படிகிறதே, அதேபோல. எவ்வளவு உயரம் என்ற பேச்சே இதில் இல்லை. ஆங்கிலத்தின் 'ஷெட்' என்ற சொல்லுக்கும் பழைய வழக்கில் தலைமுடி வகிடு என்ற பொருள் உண்டு. அதை அறிந்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பாசனத்தில் இது இன்னும் தேவைப்படும். நீரைப் பிரிக்கும் கோட்டின் மேலேயே ஓட்டிச்செல்லும் கால்வாய் இருபக்க வயலுக்கும் தானாகப் பாயும். குறுக்கே ஓடை வராததால் பாலமும் தேவையில்லை. அதை 'நீர்ப்பிடிப்புக் கால்வாய்' என்று எழுதினால் படிப்பவர் பள்ளத்தில் தேடுவார். 'வகிட்டுக் கால்வாய்' என்றால் இடம் உடனே புரிந்துவிடும்.

அலங்காரச் சொல்லாயிற்றே, அறிவியலுக்கு ஒட்டுமா என்று சிலர் தயங்கலாம். மதகுக்குக் கண்ணும், ஆற்றுக்குக் கழிமுகமும், மலைக்கு முடியும் வைத்த மொழி இது. தாராளமாக ஒட்டும். வேற்றுமை உருபு ஏற்பதிலும் சிக்கல் இல்லை: நீர்வகிட்டில், நீர்வகிட்டை.

அப்புறம் ஒன்று. சமஉயரக் கோடுகள் மேல்நீரோட்டப் பக்கமாக வளைந்து கூர்முனை காட்டும் இடங்களைத் தொடுத்தால் பள்ளத்தின் அடிக்கோடு கிடைக்கும். அதற்கு இப்போதைக்கு 'மடுக்கோடு' என்று வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. மடு ஓரிடத்தில் தேங்கும் ஆழம், இது நீர் ஓடும் தடம். உங்களிடம் வேறு சொல் இருக்கிறதா?