காசு கொடுத்து வாங்கிய குழலிசைக்கு யாரோ கிளைம் போட்டிருக்கிறார்கள்: எதிர்ப்பதா, மாற்றிப் போடுவதா?

அந்தியூர்ச்சந்தை:
ஆடித் தேருக்கு எங்கள் ஊர் குருநாதசாமி கோயிலில் கூடும் குதிரைச் சந்தையைப் படம் பிடித்து 14 நிமிட வீடியோவாக யூடியூபில் ஏற்றினேனுங்க. பின்னணிக்கு, பலருக்கும் இசை விற்கிற ஒரு ஸ்டாக் தளத்தில் புல்லாங்குழல் இசை வாங்கினேன். ரசீதும் லைசென்ஸும் இருக்கின்றன. மறுநாளே ஒரு பாட்டுக்காரர் தரப்பில், இது எங்கள் இசை என்று யூடியூபில் கிளைம். விளம்பரக் காசு இனி அவர்களுக்காம். அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். நான் வாங்கிய அதே குழலுக்கு மேல் தாளத்தைப் போட்டுப் பாடியிருக்கிறார். இன்றோடு மூன்று நாள் ஆச்சு. கிளைம் தப்பு என்று டிஸ்பியூட் போட்டால், சேனலுக்கு ஸ்ட்ரைக் என்கிற எச்சரிக்கை விழுமோ என்று பயமாக இருக்கிறது.

ஈரோட்டுவீடியோக்காரர்:
விட்டுத் தள்ளுங்க தம்பி. யூடியூப் எடிட்டரிலேயே அந்தப் பாட்டை எடுத்துவிட்டு யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இருந்து வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். லிங்க்கும் மாறாது, வியூஸும் போகாது. சந்தை வீடியோவுக்குச் சந்தை நடக்கிற வாரத்தில்தான் மவுசு. நீங்கள் மல்லுக்கட்டி முடிப்பதற்குள் வந்த குதிரையெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

நொய்யல்கரை:
அண்ணா, இது என்ன நியாயம்? சந்தையில் காசு கொடுத்து மாடு பிடிக்கிறீர்கள். எவனோ வந்து கயிற்றைப் பிடித்தால் கொடுத்துவிட்டு வேறு மாடு பார்க்கப் போவீர்களா?

நடந்தது இதுதான். அந்தப் பாடகரும் அதே ஸ்டாக் இசையை வாங்கியிருப்பார். பாட்டை வெளியிட்டுக் கொடுக்கும் கம்பெனியில் கன்டென்ட் ஐடிக்கும் சேர்த்து டிக் அடித்திருப்பார். அது பாட்டின் ஒலிரேகையை வைத்துக்கொண்டு ஏறுகிற வீடியோவையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும் எந்திரம். குழலுக்குச் சொந்தக்காரர் யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? பலருக்கும் பொதுவாக விற்கிற இசையை இப்படிப் பதியக் கூடாது என்று யூடியூப் விதியே சொல்கிறது. தப்பு அவர்கள் பக்கம். கிளைம் வந்த 5 நாளுக்குள் டிஸ்பியூட் போட்டால் முதல் நாளில் இருந்து வந்த வருமானத்தை யாருக்கும் கொடுக்காமல் யூடியூப் நிறுத்தி வைக்கும். இன்றே போடுங்கள்.

ஈரோட்டுவீடியோக்காரர்:
தம்பி இன்னும் அடி வாங்கினதில்லை போலிருக்கிறது. ஒரு கல்யாண வீடியோவுக்கு நானும் இப்படித்தான் குதித்தேன். டிஸ்பியூட்டை நிராகரித்தார்கள். வீம்புக்கு அப்பீல் போட்டேன். நேராக வீடியோவை நீக்கச் சொல்லி ஸ்ட்ரைக் வந்தது. 90 நாளுக்குள் 3 ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். அந்த மூன்று மாதமும் வீடியோ ஏற்றும்போதெல்லாம் கை நடுங்கியது. பெண் வீட்டாரோ "எங்க வீடியோ எங்கீங்க" என்று தினமும் போன். அப்புறம் பார்த்தால் லைசென்ஸ் வேலையை விட்டுப் போன எடிட்டர் பையன் கணக்கில் இருந்தது.

கோபிவக்கீல்:
அப்படியானால் உங்களைக் கவிழ்த்தது டிஸ்பியூட் இல்லை, பையன் கணக்குதான். அதை வைத்து இவரைப் பயமுறுத்தாதீர்கள். கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளைமால் காசு போகலாம், சேனலுக்குக் கரும்புள்ளி இல்லை. டிஸ்பியூட் போட்டால் எதிர்த்தரப்புக்கு 30 நாள். பதில் வராவிட்டால் கிளைம் தானாக விழும். நிராகரித்தால் அப்பீல், அதற்கு 7 நாள். இடையில் வீடியோவை நீக்கச் சொல்ல அவர்களுக்கு வழி உண்டு. ஸ்ட்ரைக் வருவது அப்போதுதான்.

நொய்யல்கரைத் தம்பிக்கும் ஒன்று. காகிதத்தைப் படிக்காமல் கட்சி கட்டாதீர்கள். ஸ்டாக் இசையை ராயல்டி ஃப்ரீ என்று சொன்னால் காப்புரிமை இல்லை என்று பொருளில்லை, தடவைக்குத் தடவை காசு கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, விளம்பரம் ஓடும் வீடியோவுக்குச் செல்லுமா, இந்த இரண்டையும் பார்க்காமல் பொத்தானை அழுத்தக் கூடாது. சில ஸ்டாக் தளங்கள் தங்கள் இசையைத் தாங்களே பதிந்து வைத்திருக்கும். அங்கே சண்டையே வேண்டாம், வாங்கிய விவரத்தைக் கொடுத்தால் அவர்களே எடுத்துவிடுவார்கள்.

அந்தியூர்ச்சந்தை:
ஐயா, லைசென்ஸ் மச்சான் மெயிலில் இருக்கிறதுங்க. ஆஃபர் விலைக்காக அவர் கணக்கில் வாங்கினோம்.

ஈரோட்டுவீடியோக்காரர்:
சொன்னேன் பாருங்க! குதிரை கனைத்த சத்தத்தையே விட்டிருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நொய்யல்கரை:
மச்சான் பெயரில் இருந்தால் மட்டும் பாடகருக்குச் சொந்தமாகிவிடுமா? கிளைம் அப்போதும் தப்புதான்.

கோபிவக்கீல்:
தப்புதான். ஆனால் டிஸ்பியூட்டில் "என்னிடம் அனுமதி இருக்கிறது" என்று எழுதப்போவது இவர், மச்சான் இல்லை. முதலில் ஸ்டாக் தளத்துக்கு எழுதி லைசென்ஸை உங்கள் சேனல் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் உங்கள் பெயரில் புதிதாக ஒன்று வாங்குங்கள். அப்புறம் இசையின் பெயர், லைசென்ஸ் எண், எந்த நிமிடத்தில் வருகிறது, இதை மட்டும் நாலு வரியில் எழுதுங்கள். திட்டி எழுதினால் வேலைக்காகாது.

அந்தியூர்ச்சந்தை:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். தளத்துக்காரர்கள் மறுநாளே பெயரை மாற்றிக் கொடுத்தார்கள், ஐந்தாம் நாள் டிஸ்பியூட் போட்டேன். நேற்று கிளைமை எடுத்துவிட்டார்கள், நிறுத்தி வைத்த காசும் எனக்கே. இன்று காலை அதே குழலுக்கு இன்னொரு பாடகர் பெயரில் கிளைம் வந்திருக்கிறதுங்க.

ஈரோட்டுவீடியோக்காரர்:
எடிட்டரில் பாட்டை மாற்றும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லட்டுமா?

நொய்யல்கரை:
போன தடவை எழுதிய நாலு வரியை அப்படியே ஒட்டுங்கள் அண்ணா. ரெண்டு நிமிஷ வேலை.